மேனாவின் படகில் லோவ்ரே போன பயணம்

“வாத்தியாரே, நீங்க வலப் பக்கம். உங்க வீட்டுக்காரம்மா இடப் பக்கம். ரெண்டு பேரும் ஒரே பக்கம் உக்காந்தா, நீங்க போடுற சண்டையக் கேக்கப் படகும் சாஞ்சிடும்.”

மேனா ஆள் ஏற்றுவது இப்படித்தான். கரையில் நிற்கிறவர்களைக் கண்ணாலேயே எடை போட்டு, யார் எங்கே உட்கார வேண்டும் என்று முடிவு செய்வாள். முடிவுக்கான காரணத்தையும் உரக்கச் சொல்லிவிடுவாள். அவள் படகில் ஒருமுறை போய் வந்த பெண்கள் ஒரு வாரத்துக்கு ரொட்டியைத் தொடுவதில்லை.

என்னோடு பள்ளியில் படித்தவள். தலையில் ஆண்கள் போடும் கம்பளித் தொப்பி. சட்டையின் ஒரு பையில் உலர்ந்த அத்திப்பழம், இன்னொன்றில் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்குகள். பேச்சு மும்முரத்தில் பிளக்கை வாயில் போட்டுக் கடித்துவிட்டு, “இந்த வருஷம் அத்தி சரியில்ல” என்பாள். மாதா கோயில் பாட்டுகளைச் சீட்டியடிப்பாள். வரிகள் மட்டும் அவள் சொந்தமாகக் கட்டியவை. அவற்றை இங்கே எழுத முடியாது.

எங்கள் லூக்கா ஊருக்கு எதிரே ஒரு சிறு தீவு. அங்கே கல்லறைகளும் சில திராட்சைத் தோட்டங்களும்தான். நடுவிலுள்ள கடற்கால்வாயில் இரண்டே பேர் படகு ஓட்டினார்கள். ஒருத்தி மேனா. இன்னொருவன் லோவ்ரே. அவள் புருஷன் இத்தாலிக்குப் போய்த் திரும்பாமல் இருந்துவிட்ட பிறகு அவள் படகு வாங்கினாள். அன்றைக்கு லோவ்ரே, “கோழி கப்பல் விடுது, பாருங்கடா” என்று துறை முழுக்கக் கேட்கும்படி கத்தினான். அன்றோடு பேச்சு நின்றது. பக்கத்துப் பக்கத்தில் படகைக் கட்டிக்கொண்டு, நடுவில் நிற்கிறவர் மூலமாகவே திட்டிக்கொள்வார்கள். “அந்தக் கோழிகிட்டச் சொல்லு, அவ கயிறு என் கல்லுல கெடக்குன்னு.” “அந்தக் கெழட்டுக் கழுதைகிட்டக் கேளு, கல்லு என்ன அவங்கப்பன் வீட்டுதான்னு.” நான் பல தடவை நடுவில் நின்றிருக்கிறேன்.

போன ஏப்ரலில் லோவ்ரே செத்துப்போனான். அவன் படகு கரையில் ஏற்றி, அடிப்பலகை உரித்துக் கிடந்தது. சவப்பெட்டியைத் தீவுக்குக் கொண்டுபோக, அவன் மனைவி பெரினா வேறு வழியில்லாமல் மேனாவிடம் வந்தாள். மேனா யோசித்தாள்.

“உசுரோட இருந்தப்ப என் படகுல கால வெக்க மாட்டேன்னான். இப்ப கால வெக்க வேணாம். படுத்துக்கிட்டே வரட்டும்.”

அன்று யூகோ வீசியது. மழையைக் கூட்டிவரும் தெற்குக் காற்று. கடல் கலங்கிச் சாம்பலாக இருந்தது. முன்பக்கத்தில் சவப்பெட்டி. அதையடுத்துப் பெரினா, பாதிரியார் டோன் அம்ப்ரோஸ், லோவ்ரேயின் இரண்டு மைத்துனர்கள், அடக்கத்தில் பாட வந்த நான். டோன் அம்ப்ரோஸுக்கு நீச்சல் தெரியாது. கடற்கரைப் பங்கில் முப்பது வருஷமாக அதை ரகசியமாக வைத்திருந்தார்.

கால்வாயின் நடுவே படகு திடுமென எதிலோ இடித்தது. பெட்டி ஒரு முழம் முன்னே நகர்ந்தது. அடுத்த நொடி பின்னால் எஞ்சின் அலறியது. மேனா அதை அணைத்துவிட்டாள்.

“எல்லாரும் இருக்கீங்களா? பாத்துக்குங்க. பெட்டில இருக்கறவன விட்டுடுங்க, அவன் எங்கயும் போகமாட்டான்.”

படகின் பின்னால் ஏதோ புரண்டு மேலே வந்தது. பாசி பிடித்த இரும்புப் பீப்பாய். பாதித் தண்ணீர் நிரம்பி, மேலே தெரியாமல் அடியிலேயே மிதந்துகொண்டிருந்திருக்கிறது. அது சோம்பலாக ஒரு சுற்றுச் சுற்றியது. சிவப்புப் பெயின்ட்டில் எழுத்துகள் தெரிந்தன: லோவ்ரே.

மேனாவின் படகு தன் இடத்துப் பக்கம் திரும்பக்கூடாது என்று அவன் கட்டிப்போட்ட மிதவை அது.

“அவருதான்” என்றாள் பெரினா. “இது காணாமப் போச்சுன்னு போன வருஷம் ரெண்டு நாள் சாப்பிடாம கெடந்தாரு. நீதான் அறுத்து விட்டேன்னு சொன்னாரு.”

“நான்தான் அறுத்தேன்” என்றாள் மேனா. “மூழ்கித் தொலையும்னு நெனச்சேன். அவன மாதிரியே பாதில நின்னிருக்கு.”

அதற்குள் தண்ணீர் என் செருப்பை நனைத்தது. வலது முன்பக்கத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஃபைபர் கிழிந்திருந்தது. மேனா ஒரு மிதவைச் சட்டையைச் சுருட்டி ஓட்டையில் திணித்து, பெரினாவின் இரண்டு கால்களையும் அதன்மேல் வைத்தாள்.

“உன் புருஷன மிதிக்கறதா நெனச்சு மிதி. விட்டா எல்லாரும் அவன்கூடப் போயிடுவோம்.”

பெரினா மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள்.

“மூக்கு மேல எழும்பணும். பாரமெல்லாம் பின்னால வாங்க. பெட்டியும்தான்.”

பின்னால் பெட்டியை வைக்க இடமில்லை. ஆகவே மைத்துனர்களும் நானும் வரிசையாக உட்கார்ந்து லோவ்ரேயை மடியில் வாங்கிக்கொண்டோம். உயிரோடிருந்த நாளில் எனக்கு ஒரு காப்பிகூட வாங்கித் தராதவன். படகின் மூக்கு மெல்ல எழும்பியது. ஓட்டை தண்ணீருக்குச் சமமாக வந்தது.

டோன் அம்ப்ரோஸ் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். மேனா அவர் மடியிலிருந்த தீர்த்தச் செம்பைத் தட்டினாள்.

“சாமி, தீர்த்தத்தக் கடல்ல ஊத்திட்டு, படகுல நிக்கற தண்ணிய வெளிய எறைங்க.”

“இது மந்திரிச்ச தண்ணி, மேனா!”

“அப்ப மொதல்ல கடலுக்கு ஞானஸ்நானம் குடுங்க. ஆனா சீக்கிரம்.”

அவர் இறைத்தார். அவ்வளவு பக்தியோடு அவர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

மேனா எஞ்சினைத் தூக்கிப் பார்த்தாள். விசிறியின் ஓர் இதழ் பன்றிக்காது போல மடங்கியிருந்தது. வேகமாக ஓட்டினால் எஞ்சினே கழன்றுவிடும். தீவின் படித்துறை பக்கத்தில்தான். ஆனால் அங்கே ஆழம். சுற்றிப் போனால் மணல் திட்டு. மைத்துனர்கள் படித்துறை என்று கத்தினார்கள்.

“அங்க போனா கரையத் தொட்டுக்கிட்டே முழுகலாம். மணல்ல முட்டினா நடந்து எறங்கலாம். எது வேணும்?”

எஞ்சின் நடுங்கிக்கொண்டே நகர்ந்தது. அந்த அரைமணி நேரம் மேனா சீட்டியடிக்கவில்லை. அவள் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததும் அன்றுதான். படகு மணலில் ஏறி நின்றபோது, முதலில் சிரித்தவள் பெரினா. பிறகு பாதிரியார். லோவ்ரேயைத் தோளில் வைத்துத் தொடையளவு தண்ணீரில் நடந்த நாங்களும் சிரித்தோம். அப்படியொரு சவ ஊர்வலத்தை எங்கள் பங்கு கண்டதில்லை.

பிறகு காப்பீட்டுக்காரர் வந்தார். மோதிய பொருளின் சொந்தக்காரர் யார், எங்கே இருக்கிறார் என்று கேட்டார். மேனா தீவைக் காட்டினாள். “மேட்டுல, சைப்ரஸ் மரத்துக்குப் பக்கத்துல. போய்க் கேளுங்க. என்கிட்டதான் பேசமாட்டான், உங்ககிட்டப் பேசலாம்.”

கிழிசலைச் சுற்றிலும் தேய்த்து, உள்ளும் புறமும் கண்ணாடி நாரும் பசையும் அடுக்கடுக்காக ஒட்டி, மேனாவே அடைத்தாள். எஞ்சின்தான் தேறவில்லை, உள்ளே தண்டே வளைந்திருந்தது. ஒருநாள் பெரினா கைவண்டியில் லோவ்ரேயின் எஞ்சினைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“வேணாம் பெரினா. நடுக்கடல்ல நின்னு என்னப் பாத்துச் சிரிக்கும்.”

“சிரிச்சா ஒத குடு. என் பங்குக்கும் சேத்து.”

இப்போது அந்த எஞ்சின்தான் ஓடுகிறது. காலையில் லேசில் கிளம்பாது. “எழுந்திரிடா சோம்பேறி, எழுந்திரிடா கெழட்டுக் கழுத” என்று மேனா கயிற்றை இழுக்கும் சத்தத்தில்தான் எங்கள் துறை விழிக்கிறது. இத்தனை வருஷம் பேசாதவர்கள் இப்போது நாள் முழுக்கப் பேசுகிறார்கள். ஒருவர்தான் பேசுகிறார் என்றாலும்.

போன வாரம் திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. நான் குடைக்குள் ஒடுங்கினேன். மேனா எஞ்சினைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, போட்டிருந்த மழைச்சட்டையைக் கழற்றி அதன் தலையில் போர்த்தி, சட்டையின் கைகள் இரண்டையும் அதன் கழுத்தில் முடிந்துவிட்டு, நனைந்தபடி படகை ஓட்டினாள்.