பாடம் வாசிக்கிற கிருபாபாய்

ராஜபாளையத்தில் கிருபாபாயை முகத்தை வைத்து அடையாளம் சொல்பவர்கள் குறைவு. குரலை வைத்துச் சொல்பவர்கள்தான் அதிகம். மார்க்கெட்டில் அவள் குனிந்து கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே விலை கேட்டால், முதுகைக் காட்டி நிற்கும் கடைக்காரர் திரும்பாமலே, "பாடம் வாசிக்கிற அம்மாவா? வாங்க வாங்க" என்பார். இருபத்திரண்டு வருடங்களாக ஞாயிறுதோறும் வேதக்கோவிலில் பைபிள் பாடம் வாசிப்பது அவள்தான். கடுமையான வசனம் ஒன்று வரப்போகிறது என்றால், அதற்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்துவாள். கேட்கிறவர்கள் நெஞ்சைத் திடப்படுத்திக்கொள்ள அது போதும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அவளாக வைத்துக்கொண்ட வழக்கம்.

வீட்டிலும் அவளுக்கு வாசிப்புதான் வேலை. கணவர் ஐயாதுரை நாற்பது வருடம் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கொட்டகையில் நின்று பாதிக் காதைப் பறிகொடுத்தவர். காலையில் காபியோடு அவருக்குப் பேப்பரைச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். அதிலும் தொழில்நுட்பப் பக்கத்தை விடக்கூடாது. அதில் வருவதை நம்பாமல் இருப்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"உலகத்தை மாற்றப் போகிறோம்னு சொல்லிருக்கான்" என்று வாசிப்பாள்.

"யாருட்ட கேட்டு மாத்துதானாம்?" என்பார் அவர்.

அப்போதெல்லாம் கிருபாபாய் அவரை அடக்குவாள். நாலு பேர் படித்துக் கண்டுபிடிக்கிறார்கள், உமக்கு என்ன வயிற்றெரிச்சல் என்பாள். அந்த நல்ல எண்ணத்துக்குத்தான் பிறகு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

நான்கு வருடங்களுக்கு முன் 'சொல்லருவி' என்ற கம்பெனி, தென்காசி ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே அறை எடுத்தது. சுவர் முழுக்க ஸ்பாஞ்ச் ஒட்டிய அறை. அதன் பொறுப்பாளன் நவநீதகிருஷ்ணன், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன், முப்பத்தைந்து வயது, பேச்சில் தேன் ஒழுகும். யாரோ சொல்லி அவளைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டான்.

"பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் புத்தகம் வாசிச்சுக் கொடுக்கப்போறோம் மேடம். இப்படி ஒரு குரல் எங்களுக்குக் கெடைக்காது" என்றான்.

பார்வையில்லாத பிள்ளைகள் என்றதும் கிருபாபாய் வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் இருந்த காகிதத்தில் காட்டிய இடமெல்லாம் கையெழுத்துப் போட்டாள். காற்றாடி சத்தம் பதிவாகிவிடும் என்று அதை நிறுத்திவிடுவார்கள். வேர்த்துக் கொட்ட, பதினான்கு மாதம் அந்த அறைக்குள் உட்கார்ந்து வாசித்தாள். மழை பெய்யலாம், பேருந்து வந்துவிட்டது, மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடவும் என்று தலையும் வாலும் இல்லாத வாக்கியங்கள். ஒருநாள், 'நாளை முதல் தாங்கள் பணிக்கு வரத் தேவையில்லை. தங்கள் சேவைக்கு நன்றி' என்று ஒன்று வந்தது.

"இது என்ன புக்கு சார்?" என்று கேட்டாள்.

"கதைப் புத்தகம் மேடம். ஒரு முதலாளி வேலைக்காரர அனுப்புற எடம்" என்றான்.

அந்த வேலைக்காரனை நினைத்து அவளுக்குப் பாவமாக இருந்தது. முதல் தடவை குரல் கொஞ்சம் வெடுக்கென்று விழுந்ததாகப் பட்டது. கேட்கிறவன் மனசு நோகக்கூடாதே என்று, முன்னால் ஒரு மூச்சு நிறுத்தி, இதமாக, நான்கு தடவை திருப்பி வாசித்துக் கொடுத்தாள்.

பிறகு ஒருநாள் பெங்களூரிலிருந்து இரண்டு நிமிட வீடியோ கால் வந்தது. அறையை மூடுகிறோம், பயணம் இனிமையானது என்றார்கள். ஸ்பாஞ்சைக்கூட உரித்து எடுத்துப் போனார்கள். அடுத்த வருடம் பேப்பரில் பெரிய எழுத்தில் செய்தி: மனிதர் யாரும் கற்பிக்காமல், தானாகவே தமிழ் பேசக் கற்ற இயந்திரம், பெயர் நிலா. ஐயாதுரைக்கு அதை வாசித்துக் காட்டியவளே கிருபாபாய்தான். அது தன் வயிற்றில் பிறந்தது என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

தெரியவைத்தவள் பக்கத்து வீட்டுப் பாண்டிசெல்வி. பத்தொன்பது வருடம் ஒரு நூற்பு மில்லில் வேலை பார்த்தவள். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் தலைவிரி கோலமாக வந்து வாசலில் நின்றாள்.

"ஏன்க்கா, ஒரு சுவருதான நமக்கு நடுவுல? நேருல வந்து சொல்லிருக்கக் கூடாதா? போன்லயா சொல்லணும்?"

"என்னத்தட்டி சொன்னேன் நான்?"

பாண்டிசெல்வி போனில் பதிவானதைப் போட்டாள். "வணக்கம். நான் நிலா பேசுகிறேன்." ஒரு மூச்சு. "நாளை முதல் தாங்கள் பணிக்கு வரத் தேவையில்லை."

தன் குரல், தன் மூச்சு, தான் பாவப்பட்டு நான்கு தடவை வாசித்துக் கொடுத்த அதே இதம். கிருபாபாய் பாண்டிசெல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு, அறையையும் காகிதத்தையும் பற்றிச் சொல்லி அழுதாள். பாண்டிசெல்விக்குப் புரிந்துவிட்டது. ஆனால் நிலாவை வாங்கிய மூன்று மில்லில் ஒரே வாரத்தில் இருநூறு பேரை அது அனுப்பியிருந்தது, அத்தனை பேரிடமும் போய் அவளால் விளக்கம் சொல்ல முடியுமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை பாடம் வாசிக்க எழுந்தாள். ஒரு மூச்சு நிறுத்தினாள். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். ஆராதனை முடிந்து போதகர் தயங்கித் தயங்கி வந்தார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. ஜனங்க மனசு ஆறட்டும். கொஞ்ச நாள் ஷெரின் வாசிக்கட்டும்."

ஷெரின் கல்லூரிப் பெண். நன்றாகத்தான் வாசித்தாள். கிருபாபாய் பெஞ்சில் உட்கார்ந்து, வசனம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு கேட்டாள். வீடு, நகை என்று பெரிதாக எதுவும் அவளுக்கு வாய்த்ததில்லை. அந்த ஐந்து நிமிடம்தான் அவளுக்கென்று இருந்தது, அதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். நவநீதகிருஷ்ணன் இப்போது மண்டல மேலாளர், கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ். அவள் சொல்வதை எல்லாம் சிரித்த முகத்தோடு கேட்டான்.

"அது உங்க குரல் இல்ல மேடம். சட்டப்படி அது மெசின் குரல். நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"என் குரல் எனக்குத் தெரியாதா சார்? கோவில்ல வாசிக்க விட மாட்டேங்காக."

"அப்ப நீங்க வேணா கொஞ்சம் குரல மாத்திப் பேசிப் பாருங்களேன்" என்றான். கேலியாகச் சொல்லவில்லை, யோசனை சொல்கிறவன் முகத்தோடு சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்த பிடி ஊர் வந்து சேரும் வரை தளரவில்லை. ஆண்டவரே, இவனை நீர் பார்த்துக்கொள்ளும் என்று சொல்ல வாயெடுத்தாள். வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று நிறுத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து தொழில்நுட்பப் பக்கத்தை அவள் வாசித்த விதமே வேறு. ஐயாதுரை கேட்பதற்கு முன் இவளே விளக்கம் சொன்னாள். வெளிப்படைத்தன்மை என்று எழுதினால் எதையோ மறைக்கிறான், குடும்பம் என்று சொன்னால் யாரையோ வெளியே தள்ளப்போகிறான். ஒரு மாதம் கழித்து, 'சொல்லருவியில் மறுசீரமைப்பு' என்ற துண்டுச் செய்தி வந்தது. பக்கத்திலேயே விளம்பரம்: வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில், நிறுவனர் முன்னிலையில், மற்ற மில் முதலாளிகளுக்கும் பால்கோவாக் கடைக்காரர்களுக்கும் நிலா அறிமுக விழா.

"மறுசீரமைப்புன்னா?" என்றார் ஐயாதுரை.

"அடுத்து யார் தலைன்னு அவனுகளுக்குள்ளயே பயந்துக்கிட்டு இருப்பானுகன்னு அர்த்தம்" என்றாள். சொல்லிவிட்டு விளம்பரத்தை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு பாண்டிசெல்வி வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பாண்டிசெல்வி புதிதாக வாங்கிய சிம்மோடு வந்தாள். நிலா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நம்பரிலிருந்துதான் கூப்பிடும், அதனால் நம்பரைப் பார்த்து யாரும் சந்தேகப்பட வழியில்லை. கிருபாபாய் காற்றாடியை நிறுத்தினாள், ஜன்னலைச் சாத்தினாள், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"வணக்கம். நான் நிலா பேசுகிறேன். நவநீதகிருஷ்ணன் அவர்களே." ஒரு மூச்சு. "நாளை முதல் தாங்கள் பணிக்கு வரத் தேவையில்லை. தங்கள் சேவைக்கு நன்றி."

"ஏய்! என்னது? எனக்கா?" அவன் குரல் கீச்சிட்டது. "இன்னைக்கு விழாவே நான்தான நடத்துறேன்?"

கிருபாபாய் மெசின் யோசிக்கிற மாதிரி இரண்டு எண்ணினாள். "மன்னிக்கவும். தங்கள் கேள்வி புரியவில்லை."

"ஞாயித்துக்கிழம கூட வீட்ல இருந்ததில்ல நான்! யார்ட்டயாவது கனெக்ட் பண்ணு!"

இரண்டு எண்ணினாள். "தங்கள் சேவைக்கு நன்றி."

பாண்டிசெல்வி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். கிருபாபாய் சிரிக்கவில்லை. நான்கு தடவை திருப்பி வாசித்த வாக்கியத்தை இப்போது இன்னும் நன்றாக வாசித்துவிட்ட திருப்தி அவளுக்கு. இருவரும் சேலை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

மண்டபத்தில் ஐந்தாவது வரிசையில் இடம் கிடைத்தது. தட்டில் பால்கோவா கொடுத்தார்கள். பாண்டிசெல்வி தன்னுடையதைத் தின்றுவிட்டு அவளுடையதையும் தின்றாள். கோட்டுப் போட்ட நிறுவனர் மேடையில் அங்குமிங்கும் நடந்து பேசினார்.

"நிலாவுக்குப் பின்னால ஒரு மனுஷக் குரல்கூட கிடையாது. அது தானா கத்துக்கிட்டது."

நவநீதகிருஷ்ணன் மேடை ஓரத்திலிருந்து வந்து இன்னொரு மைக்கைப் பிடித்தான். கண் சிவந்திருந்தது.

"பொய்! அது ராஜபாளையம் கிருபாபாய் அம்மாவோட குரல். பதினாலு மாசம் நான்தான் வாசிக்க வச்சேன். கண்ணு தெரியாத பிள்ளைங்களுக்குப் புக்குன்னு நான்தான் பொய் சொன்னேன். சொல்லச் சொன்னது நீங்க!"

மில் முதலாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பாண்டிசெல்வியின் போன் எல்லாவற்றையும் பதிந்துகொண்டிருந்தது.

"உனக்கு என்னய்யா ஆச்சு?" என்றார் நிறுவனர்.

"காலைல நிலாவ விட்டு என்னையத் தூக்குனீங்கல்ல? எச்.ஆருக்குப் பத்து தடவ போன் போட்டேன், அங்கயும் இதே குரல்தான் எடுக்குது!"

"உன்ன யார்யா தூக்குனா? அப்படி ஒண்ணும் இல்லையே!"

நவநீதகிருஷ்ணன் மைக்கை இறக்கினான். அவன் கண்கள் கூட்டத்தில் தேடி, ஐந்தாவது வரிசையில் வந்து நின்றன.

"மேடம்... காலைல பேசுனது நீங்களா?"

கிருபாபாய் எழுந்தாள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை. ஒரு மூச்சு நிறுத்தினாள்.

"அது என் குரல் இல்லையே சார். சட்டப்படி அது மெசின் குரல்லா?"

சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ சபையின் வாட்ஸப் குழுவுக்கும் மூன்று மில்லின் குழுக்களுக்கும் போய்விட்டது. அடுத்த வாரம் பேப்பரில், வாடிக்கையாளர் நலன் கருதி நிலாவின் குரல் மேம்படுத்தப்படுகிறது என்று வந்தது.

"மாட்டிக்கிட்டோம்னு எழுதத் தெரியாதா அவனுகளுக்கு?" என்றார் ஐயாதுரை.

நவநீதகிருஷ்ணனுக்கும் ஒரு போன் வந்ததாம். புதுக் குரல், ஆண் குரல், அதே வாக்கியம். "யார்லே விளையாடுதது? ஏலே, யார்னு சொல்லு" என்று அரைமணி நேரம் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தானாம். இந்தத் தடவை அது மெசின்தான்.

ஞாயிற்றுக்கிழமை போதகரே வந்து கூப்பிட்டார். பாண்டிசெல்வி செருப்பை வெளியே விட்டுவிட்டு, பழக்கமில்லாத கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். அன்று காதைப் பொத்திக்கொண்டு ஓடிய பெண் மூன்றாவது வரிசையில் இருந்தாள். கிருபாபாய் எழுந்து போவதற்கு முன் கண்ணை மூடி, அந்த வெள்ளிக்கிழமை காலையில் போனில் சொன்ன பொய்க்கு மன்னிப்புக் கேட்டாள். நவநீதகிருஷ்ணனுக்காக ஒரு வார்த்தை ஜெபிக்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. ஒரு மூச்சு நிறுத்தி யோசித்தாள். தேவையில்லை என்று முடிவுசெய்து, எழுந்து போய் வாசித்தாள்.