மத்தியான லோரித் தண்ணீர்

எனக்கு மாமனாராக வரவிருந்தவர் எருசலேம் போய் வந்த பிறகு, எங்கள் கிள்ளான் சபையின் பைபிள் வகுப்பு அவர் கைக்குப் போனது. அந்த நாட்டைப் பார்க்காதவனுக்கு வேதம் புரியாது என்பார். அவர் பார்த்து வந்ததோ ஏர்கான் பஸ் ஜன்னல் வழியாக. ஆனாலும் மனிதர் கெட்டிக்காரர். அவர் பேசினால் கல்லும் புழுதியும் கண்ணில் தெரியும், அதை நான் இன்றும் மறுக்க மாட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை சமாரியப் பெண்ணின் கதை. கிணறு ஊரிலிருந்து எவ்வளவு தள்ளி, வெயில் எப்படிக் கொளுத்தும் என்று படம் போட்டுக் காட்டினார். அங்கே பெண்கள் வெயில் தாழ்ந்த நேரத்தில் கூட்டமாகத்தான் தண்ணீர் எடுக்க வருவார்களாம். உச்சி வெயிலில் ஒருத்தி தனியாக வந்தால், அவள் ஊர் ஒதுக்கியவளாம். யூதர்கள் சமாரியர் பாத்திரத்தில் வாய் வைக்க மாட்டார்கள் என்றும் சொன்னார். அப்படிப்பட்டவளிடம் போய் இயேசு தண்ணீர் கேட்டது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

அந்த வாரமே எங்கள் தாமானில் குடியிருப்பு முழுக்கக் குழாய் வறண்டது. தண்ணீர் லோரி காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை வந்தது. நான் விடியுமுன்னே ஷா ஆலம் வேலைக்குக் கிளம்பிவிடுவேன். அம்மாவுக்கு மேருவில் கையுறை ஃபேக்டரியில் இரவு வேலை. அப்பா வேறொருத்தியோடு போன நாளிலிருந்து அதே வேலைதான். காலையில் வந்து படுத்தால் மத்தியானம்தான் எழுவாள், அதனால் மத்தியான லோரிக்கு வாளி தூக்கினாள்.

அடுத்த வகுப்பில் அவர் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

“நம்ம தாமான்ல எல்லாப் பொம்பளைங்களும் காலையிலதான் லோரிக்கு வராங்க. சிஸ்டர் மட்டும் ஏன் மத்தியானம்?”

“நைட் ஷிப்ட் லா, பிரதர். காலையில தூங்கிட்டிருப்பேன்.”

“அந்தச் சமாரியப் பொம்பளையும் ஒரு காரணம் வச்சிருந்திருப்பா.”

வகுப்பே சிரித்தது. அவருடைய மகன், எனக்கு மோதிரம் போட்டவன், குனிந்துகொண்டு சிரித்தான். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வீட்டில் கத்தினேன். “கல்யாணம் முடியட்டும்டி. அதுவரைக்கும் வாய மூடிக்கிட்டு இரு,” என்றாள் அம்மா. மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்தவள் படுக்கவில்லை, நேராகக் காலை வரிசைக்குப் போனாள். என் கல்யாணத்துக்காக நின்ற நிற்பு அது. அவளைப் பார்த்ததும் மற்றப் பெண்கள் விலகி நின்றார்களாம். எனக்கு மாமியாராக வரவிருந்தவள் தன் வாளியைக் காலாலேயே தள்ளி வைத்துக்கொண்டாளாம்.

ஞாயிற்றுக்கிழமை லோரி வரவே இல்லை. ஆராதனை முடிந்து நல்ல வெயிலில் அவர் மகன் எங்கள் வாசலில் காலி வாளியோடு நின்றான். அவர்கள் வீட்டுத் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லையாம். அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நம்மிடம் கேட்டு வந்துவிட்டார்கள் என்று அவளுக்கு அத்தனை பூரிப்பு. வாளியை நிரப்பினாள். கொதிக்க வைத்து ஆறவைத்திருந்த தண்ணீரையும் ஜக்கில் ஊற்றி நீட்டினாள்.

“இது குடிக்கிறதுக்கு, தம்பி.”

“வேணாம் ஆன்டி. குடிக்க பாட்டில் வாங்கிட்டோம். இது டாய்லெட்டுக்குத்தான். அம்மா சொல்லி அனுப்பினாங்க.”

அவன் அதைக் குத்தலாகக்கூடச் சொல்லவில்லை. நான் மோதிரத்தைக் கழற்றி அவன் வாளிக்குள் போட்டேன்.

“இதுவும் டாய்லெட்டுக்குத்தான்னு உங்கம்மாகிட்ட சொல்லுங்க.”

அம்மா பதறிக்கொண்டு முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள். “சின்னப் பிள்ள, தெரியாம பேசிட்டா,” என்று மோதிரத்தைப் புடவையில் துடைத்து அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு அவள் கை பட்ட தண்ணீரை எங்கள் வாசல் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, காலி வாளியோடு போனான். அம்மா தூக்கம் கெட்டு நின்று பிடித்த தண்ணீர் அது.