ஐப்பசியில் பார்த்த மனை

நான், என் வீட்டுக்காரி, அவள் தம்பி. ஐப்பசி மழை விட்டதும் மூன்று பேரும் வீடு கட்ட வாங்கியிருந்த மனைக்குப் போனோம். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் நான் வாங்கிய சம்பளமெல்லாம் அதில்தான் போயிருந்தது.

மனை விற்ற கம்பெனிக்காரர்கள் வேனில் கூட்டிப்போய்க் காட்டியது சித்திரையில். வாஸ்து பார்த்தோம், ஈசானிய மூலையில் தேங்காய் உடைத்தோம். மழைத்தண்ணீர் எங்கே நிற்கும் என்று ஊர்க்காரரைக் கேட்கவில்லை.

இப்போது எல்லைக் கல் ஒன்றுகூடத் தண்ணீருக்கு வெளியே தெரியவில்லை. வலை வீசிக்கொண்டிருந்தவர், "இது ஏரி நைனா. வெயில்ல காயறப்போ கல்லு நட்டு வித்துட்டுப் பூட்றாங்க" என்றார்.

"இன்னா மாமா, ஊடு கட்டப் போறியா, படகு வாங்கப் போறியா?" என்றான் மச்சான். என் வீட்டுக்காரி சிரிக்கவில்லை. மனையை விற்ற கம்பெனி ஏஜெண்டைச் செல்லில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வலைக்காரரின் கழியை வாங்கி எங்கள் மனை இருந்த பக்கம் இறக்கிப் பார்த்தேன்.

நாலடி.