துண்டுக்கு அடியில் ஒரு கேள்வி

“…அதனாலதானுங்க சொல்றேன், பயப்பட ஒண்ணுமே இல்லைங்க. மார்க்கெட்டுன்னா விழும், எந்திரிக்கும். எடுத்தாத்தான் நட்டம். எடுக்காத வரைக்கும் அது வெறும் நெம்பருங்க. அக்கா பணத்துக்கு நான் பொறுப்புங்க.”

வங்கி மேனேஜர் இதைச் சொன்னபோது என் தங்கை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் சிங்காநல்லூரில் பஸ் ஏறியதிலிருந்து அப்படித்தான். ஒவ்வொரு தடவை திரையை விரலால் இழுத்துவிடும்போதும் சிவப்பு எண் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

அது அவள் வீட்டுக்காரரின் பணம். பவுண்டரியில் வேலை பார்த்தவர், போன வருஷம் நெஞ்சுவலியில் போய்விட்டார். அவருக்கு வரவேண்டியிருந்த தொகை இவள் பேருக்கு வந்தது. அதை நம்பித்தான் சூலூர் பக்கம் ஒரு சின்ன வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தாள். பத்திரப்பதிவுக்கு இன்னும் பதினெட்டு நாள். மிச்சத்தைக் கட்டாவிட்டால் அட்வான்ஸ் திரும்பாது. குடியிருந்த வாடகை வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு எடுத்தால் வீட்டுக்குப் போதும். இதே மாதிரி இன்னும் ரெண்டு நாள் இறங்கினால் போதாது.

டெபாசிட்டில் கிடக்க வேண்டிய பணம் மியூச்சுவல் பண்டுக்குப் போன கதையை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். மேனேஜர் துக்கம் விசாரிக்க வீட்டுக்கு வந்திருக்கிறார். அக்கா என்று கூப்பிட்டிருக்கிறார். ரசத்தை ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். கிளம்பும்போது காகிதங்களை நீட்டினார், இவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

“படிச்சுப் பாத்தியா கண்ணு?” என்று பிற்பாடு கேட்டேன்.

“நம்ம ஊட்டுல கை நனைச்ச மனுசனை எதுக்கால நிக்கவெச்சுப் படிச்சா, சந்தேகப்படற மாதிரி ஆயிருமுங்ணா.”

எனக்குத் திட்ட வாய் வரவில்லை. நானும் அதைத்தான் செய்திருப்பேன். செய்தும் இருக்கிறேன்.

பல வருஷத்துக்கு முன்னால், வெளிநாட்டில் பெரிய பெரிய பேங்குகளே கவிழ்ந்த சமயம் அது. தோப்பு விற்ற பணத்தில் கொஞ்சத்தை, வேறொரு பேங்கு ஆபீசர் பேச்சைக் கேட்டு ஷேரில் போட்டிருந்தேன். சரியச் சரிய அவரிடம் ஓடினேன். “கெட்டியாப் புடிச்சுக்குங்க, விட்டுறாதீங்க” என்றார். பிடித்துக்கொண்டேன். நான் போட்டிருந்த கம்பெனி ரெண்டும் எழுந்திருக்கவே இல்லை. ரெண்டு வருஷம் கழித்து, கோபியில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் அதே ஆபீசர். அன்றைக்கு உங்களுடையது என்னாயிற்று என்று கேட்டுவைத்தேன்.

“என்னுதை மொத வாரமே எடுத்துப்போட்டேனுங்க. உங்களுக்குச் சொன்னது மேல இருந்து சொல்லச் சொன்னதுங்க” என்றார், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. என்னிடம் மறைக்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? பாயசத்துக்காரரைக் கூப்பிட்டு, இவருக்கு இன்னொரு கரண்டி ஊற்றுங்கள் என்றேன். எங்கள் ஊர் மரியாதை அப்படிப்பட்டது.

இந்தத் தடவை வெளியே வரிசையில் காத்திருந்தபோது, லேத் பட்டறைக்காரர் ஒருவர் என் காதோரம் சொன்னார்: “ஏனுங்க, இவங்க உக்கார வெச்சுக் காப்பி குடுத்தாலே நான் பாஸ்புக்கை எடுத்துப் பாத்துக்குவேனுங்க. நல்ல காலத்துல தண்ணியே கேட்டுத்தான் வாங்கோணும்.” உள்ளே போனால் எங்களுக்கு முன்னால் ரெண்டு காப்பி. ஆடை படிந்துகொண்டிருந்தது.

கேபின் முழுக்கக் கண்ணாடி. கதவு பாதி திறந்து கிடந்தது. கதவை ஒட்டி வெளியே, மண்டல ஆபீசிலிருந்து வந்த மேலதிகாரி ஒருவர் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்திருந்தார். மேனேஜர் ஒவ்வொரு வாக்கியத்தையும் அவருக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னார். சொல்லி முடித்ததும் கண் ஒரு தடவை அந்தப் பக்கம் போய்வந்தது.

நான் பொள்ளாச்சிச் சந்தையில் முப்பது வருஷம் மாட்டுத் தரகு பார்த்தவன். அங்கே விலையை வாயால் பேசுவதில்லை. ரெண்டு பேர் கையும் ஒரு துண்டுக்குள் போகும். எத்தனை விரலைப் பிடிக்கிறோம் என்பதுதான் விலை. வாய் அது பாட்டுக்குச் சுற்றி நிற்கிற கூட்டத்துக்காக மாட்டுக்குச் சுழி சரியில்லை என்னும், மழையில்லை என்னும். விரல் மட்டும் பொய் சொல்லக்கூடாது. சொன்னவன் கையை அடுத்த வாரம் யாரும் தொடமாட்டார்கள். மேனேஜரும் பொள்ளாச்சிப் பக்கத்துப் பிள்ளைதான். அவர் அப்பா என் துண்டுக்குள் கைவிட்டு எருமை பிடித்தவர். வந்து உட்கார்ந்ததும் அவரே அதைச் சொல்லிச் சிரித்திருந்தார்.

தோளில் கிடந்த துண்டை எடுத்து, மேசை ஓரத்தில் என் வலது கையின்மேல் போட்டேன்.

“தம்பி, வாயில என்ன வேணாலும் பேசுங்க, உங்க பொழப்பு அப்படி” என்றேன் தாழ்ந்த குரலில். “எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியோணும். இது உங்க அம்மா பணம்னு வெச்சுக்குங்க. பதினெட்டு நாள்ல வேணும். எடுக்கறதுன்னா ஒரு விரலு. கெடக்கட்டும்னா அஞ்சும்.”

தங்கை என் முழங்கையைப் பிடித்தாள். “வேண்டாமுங்ணா, தப்பா நெனைச்சுக்குவாரு.”

“நெனைச்சுட்டுப் போறாரு அம்மணி. ஊடு போனா அவரா குடுப்பாரு?”

மேனேஜர் சிரிக்கப் பார்த்தார். “என்னங்கையா, இன்னுமா இதெல்லாம்…” என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேலதிகாரி தலையைத் தூக்கியிருந்தார். தங்கையின் போன் திரை அணைந்தது, அவள் தொடவில்லை. துண்டுக்குள் என் கை தனியாகக் கிடந்தது. ஐந்து விரலையும் பிடித்தால் அதை நம்புவேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

“காப்பி ஆறுது பாருங்க, குடிங்கக்கா” என்றார் மேனேஜர், வெளியே கேட்கிற மாதிரி. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். துண்டுக்குள் கையை விட்டு, என் ஆள்காட்டி விரலை மட்டும் பிடித்து அழுத்தினார். அதை விடாமலே இடது கையால் டிராயரை இழுத்து, பணம் எடுக்கும் படிவம் ஒன்றை எடுத்து, கவிழ்த்தபடி என் தங்கை பக்கம் தள்ளினார்.