அம்மா கொடுத்தனுப்பிய கலயம்

தம்பி இறந்து சில மாதங்கள் கழித்து மெக்சிகோவுக்குப் போனேன். பெட்டியில் நாலு உடுப்பு, ஒரு டப்பா முறுக்கு, துண்டில் சுற்றிய சின்ன மண் கலயம் ஒன்று, அதன் வாயைக் கட்ட மஞ்சள் துணி. தம்பியின் சாம்பலை அந்தக் கலயத்தில் வாங்கி வந்து மரக்காணம் கடலில் கரைக்க வேண்டும். அதுவரை சாப்பாட்டில் உப்பு சேர்ப்பதில்லை என்று அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரி எங்கள் இருவரையும் வளர்த்தவள் அவள். குழம்பில் ஒரு கல் உப்பு குறைந்தாலும் தட்டைத் தள்ளிவிடுவாள். அவள்தான் வெறும் கஞ்சியை மருந்து மாதிரி விழுங்கிக்கொண்டிருந்தாள். தலை சுற்றி வாசலில் விழுந்தாள். டாக்டர் திட்டினார். நானும் திட்டினேன்.

“எம்புள்ள வந்து மொதல்ல கடல்ல எறங்கட்டும்டி. அப்புறம் போட்டுக்கறேன்,” என்றாள்.

அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும். என்னிடம் இருப்பதும் அதேதான்.

தம்பி ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இருந்தான். அங்கிருந்து கெரேதாரோ என்ற ஊருக்கு அனுப்பினார்கள். ஸ்பானியர்கள் கட்டிய பழைய ஊர். ஊரைச் சுற்றி இப்போது கம்பெனிகள். அங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். பொங்கலுக்கு அவளைக் கூட்டி வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவன், வேலை முடிந்து திரும்பும்போது ரோட்டில் விபத்தாகிப் போய்விட்டான். உடலை அனுப்புவதற்கான காகிதங்கள் இழுத்துக்கொண்டே போயின. கடைசியில் அவள் அங்கேயே எரித்து, சாம்பலை ஒரு சர்ச்சில் வைத்துவிட்டாள். எங்களுக்கு அதுதான் ஆத்திரம். எங்கள் பக்கம் மறுநாளே எலும்பு பொறுக்கிக் கடலில் விட்டுவிடுவோம். யாராவது சாம்பலை எடுத்து வைத்துக்கொள்வார்களா?

விமான நிலையத்தில் தம்பி மனைவி என்னைக் கண்டதும், “அக்கா, வாங்க. சாப்டீங்களா?” என்றாள். தம்பி சொல்லிக் கொடுத்த தமிழ், அச்சு அசலாக அவன் குரல் இழுப்போடு. சண்டை போடத் தயாராகப் போயிருந்த நான், “சாப்ட்டேன்” என்றேன். மற்றதெல்லாம் போன் வழியாகத்தான். அவள் ஸ்பானிஷில் பேச, போன் அதை ரேடியோ செய்தி மாதிரி செந்தமிழில் சொல்லும்.

வீட்டில் பெட்டியைத் திறந்ததும் அவள் பார்வை கலயத்தின் மேல் விழுந்தது. “அம்மா?” என்று கேட்டாள். ஆமாம், அம்மா கொடுத்ததுதான் என்று தலையாட்டினேன். அவ்வளவுதான், இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாமியார் தன் மகனுக்கு அனுப்பிய சீர் என்று நினைத்துவிட்டாள். மறுநாள் காலை என்னைச் சர்ச்சுக்கு அழைத்துப் போனாள். பக்கச் சுவர் முழுக்கச் சாம்பல் வைக்கும் மாடங்கள், பெட்டி பெட்டியாகச் சின்னக் கதவுகள். ஒன்றின் மேல் தம்பியின் பெயர். அதன் கீழே விளிம்பில் எங்கள் கலயம், நான் எழுமுன்பே அவள் கொண்டுவந்து தண்ணீர் ஊற்றி வெள்ளைப் பூ செருகி வைத்தது. மஞ்சள் துணி அழகாக மடித்து அடியில் விரித்திருந்தது. அவனைக் கொண்டுபோகத்தான் அதைக் கொண்டுவந்தேன் என்று எந்த வாயால் சொல்வது? கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அப்புறம் ஊர் சுற்றல். நான் என்ன டூருக்கா வந்தேன் என்று உள்ளே கொதித்தது. அவளோ அவன் நடந்த தெருவையெல்லாம் காட்டாமல் விடுவதாக இல்லை. பொய் சொல்வானேன், ஊர் அழகுதான். இளஞ்சிவப்புக் கல்லில் கட்டிய வீடுகள், இரும்புக் கம்பி போட்ட பால்கனிகள், சுவரெல்லாம் வழிந்து தொங்கும் காகிதப்பூ. தெரு ஓரத்தில் ரிப்பன் கட்டிய துணிப் பொம்மைகளைப் பரப்பி உட்கார்ந்திருந்த பெண்கள். ஊருக்குத் தண்ணீர் கொண்டுவர அந்தக் காலத்தில் கட்டிய கல் வளைவுகள் வரிசையாக, கழுத்து வலிக்கும் உயரத்தில் நின்றன. ஒரு பெரிய மனிதர் ஒரு கன்னிகாஸ்திரீ மேல் வைத்த ஆசையால் கட்டினாராம். தம்பி இந்தக் கதையைக் கேட்டு, “எங்க ஊர்ல ஒரு குடம் தண்ணிக்கே பொம்பளைங்க சண்டை போட்டாத்தான் லாரி வரும்” என்றானாம். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு சதுக்கத்தில் பெஞ்சைக் காட்டினாள். எனக்கு அடையாளம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு வீடியோவில் பேசும்போது அவன் முதுகுக்குப் பின்னால் தெரியும் அதே சுவர், பெட்டி மாதிரி வெட்டிவிட்ட அதே மரங்கள். “அது என்னாடா மரம், முடி வெட்டிக்கினு நிக்குது?” என்று அம்மா கேட்பாள்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் போய் ஒரு கப்பில் மாங்காய் வாங்கி வந்தாள். உப்பு, மிளகாய்த்தூள், மேலே எலுமிச்சை பிழிந்து. தம்பிக்கு இது தினமும் வேண்டுமாம். ஒரு துண்டை வாயில் போட்டேன். பள்ளிக்கூட வாசலில் அவனும் நானும் அடித்துப் பிடித்துத் தின்ற ருசி. நாக்கில் உப்பு ஏறியதும் அம்மாவின் வெறும் கஞ்சி நினைவுக்கு வந்துவிட்டது. விழுங்க முடியவில்லை. நடு ஊரில், டூரிஸ்டுகள் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, ஓவென்று அழுதேன்.

அவள் பதறிப்போனாள். போனை எடுத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கலயம் எதற்கு, அம்மா ஏன் உப்பு சாப்பிடுவதில்லை, எல்லாம். போன் அதை ஸ்பானிஷில் சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது. எழுந்து வீட்டுக்கு நடந்தாள். இரவு தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். பாவி, அவளுக்கு இருந்த ஒன்றையும் பிடுங்க வந்துவிட்டோமே என்று எனக்குத் தூக்கமே இல்லை.

காலையில் பார்த்தால் கலயத்தைச் சர்ச்சிலிருந்து எடுத்து வந்து கழுவித் துடைத்து, மஞ்சள் துணியோடு மேசை மேல் வைத்திருந்தாள். “வாங்க அக்கா,” என்றாள். சாம்பலைப் பிரிக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதனால் முழுவதையும் எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

அவளே சாவியால் அந்தச் சின்னக் கதவைத் திறந்தாள். நான் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே விளக்கு வைத்த நேரம். மகனை ஒரு தடவை பார்க்கட்டும் என்று போனை நீட்டிப் பிடித்தேன்.

“அம்மா, தரேன்னு சொல்லிட்டா. எடுத்துக்கினு வந்துடறேன்,” என்றேன்.

அம்மா போனைக் கண்ணருகே கொண்டுபோனாள். பிறகு, “அவ கையப் பாருடி,” என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன். எடுத்துக்கொள் என்று தலை அசைக்கிறாள். கை மட்டும் உள்ளே சாம்பல் பெட்டியின் மேல் இருக்கிறது. நான் கலயத்தோடு ஒரு எட்டு முன்னால் போனேன். கை நகரவில்லை. கையை எடுக்க வேண்டும் என்று அவளுக்கும் இருந்தது, முடியவில்லை.

“அந்த வீட்ல இவகூட வேற யாருடி இருக்கறாங்க?” என்று அம்மா கேட்டாள்.

“யாரும் இல்லம்மா. ஞாயித்துக்கிழமை ஆனா இங்க வந்து உக்காந்துக்கறா.”

“கதவ சாத்திக்கச் சொல்லு. அந்தக் கலயத்தையும் அவகிட்டயே குடுத்துட்டு வா.”

அவளுக்கு அதைப் போன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மா குரலிலேயே புரிந்திருக்க வேண்டும். கதவின் மேல் நெற்றியை வைத்து அழுதாள். நான் அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே மணி அடித்தது.

வெறும் கையோடுதான் ஊருக்கு வந்தேன். மரக்காணம் நெருங்கியதும் சாலை ஓரத்தில் குவித்த உப்பு தெரிய ஆரம்பித்தது. அம்மாவிடம் எப்படிக் கேட்பது, இனி உப்பு போட்டுக்கொள்வாயா என்று?

கேட்க வேண்டியிருக்கவில்லை. அன்று இரவு கஞ்சி ஊற்றி வைத்தேன். எழுந்துபோய்ப் பானையிலிருந்து இரண்டு கல் உப்பு எடுத்து வந்தாள். போட்டுக் கையால் பிசைந்தாள். ஒரு வாய் சாப்பிட்டாள். வட்டிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“போயிட்டான் இல்ல,” என்றாள்.

இத்தனை மாதத்தில் அந்த வார்த்தையை அவள் சொன்னதே இல்லை.

“ஆமாம்மா,” என்றேன்.

வட்டிலை எடுத்து, மீதியையும் சாப்பிட்டு முடித்தாள்.