இடது ஓரத்து இரண்டு பூச்சிகள்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, வாடகை சைக்கிள் கடையை ஒட்டி சுலோச்சனா ஒரு வீடியோ கேம் கடை வைத்திருந்தாள். கடை என்றால் ஒரே ஒரு மிஷின். புருஷன் வேதாசலம் மெட்ராசில் ஒரு கேம் கூடத்தில் எலக்ட்ரீஷியன். அங்கே புது மிஷின்கள் வந்தபோது கழித்துப்போட்ட ஒன்றைக் கேட்டு வாங்கி, ஊருக்குத் திரும்பிய காலி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். எண்பத்தாறாம் வருஷம் அது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவன் வருவான். மற்ற நாளெல்லாம் டோக்கன் கொடுப்பது, சண்டை போடுகிறவர்களை விலக்குவது, திரையைத் துடைப்பது எல்லாம் அவள்தான்.

மரப்பீரோ மாதிரி ஆளுயரத்துக்கு நின்றது மிஷின். மேலே வரிசை வரிசையாகப் பூச்சிகள். கீழே நம்முடைய ராக்கெட்; அதை நகர்த்த ஒரு குச்சி, சுட ஒரு பட்டன். பூச்சிகள் குண்டு போட்டுக்கொண்டே பாய்ந்து வரும்; விலகவும் வேண்டும், சுடவும் வேண்டும். மூன்று ராக்கெட்டும் போனால் ஆட்டம் முடிந்தது. ஊர் அதைப் பூச்சி கேம் என்றது. நிறையப் புள்ளி எடுத்தவன் மூன்று இங்கிலீஷ் எழுத்துகளைப் பதிந்துவிட்டுப் போகலாம். மிஷினை அணைக்கும்வரை அது திரையில் நிற்கும்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் சுலோச்சனா கதவுப் பலகைகளைச் சாத்தி வைப்பாள். அந்த நேரத்தில் அவள் ஆடுவாள். முதலில் மிஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் தொட்டாள். பிறகு அது இல்லாமல் பொழுது போகவில்லை. யாரிடமும் சொன்னதில்லை, வேதாசலத்திடம்கூட. பொம்பளை நின்று பூச்சி சுடுகிறாள் என்று தெரிந்தால் பஸ் ஸ்டாண்டே சிரிக்கும் என்று நினைத்தாள்.

ஒருநாள் சுடுகிற பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டது. இடது ஓரத்தில் கீழ்வரிசையில் இரண்டே பூச்சிகள் மிச்சம். ஆட்டத்தை விட மனசில்லாமல் அவள் சுடாமலே விலகி விலகிப் போனாள். பூச்சிகள் சுற்றிச் சுற்றி வந்தன. கை கடுத்துப்போன நேரத்தில் ஒன்றைக் கவனித்தாள். பூச்சிகள் பாய்ந்து வருகின்றன, ஆனால் குண்டு போடவில்லை. பட்டனை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள். அது மேலே வந்துவிட்டது. இரண்டையும் சுட்டாள். அடுத்த கூட்டம் வந்தது. அதிலும் ஒரு பூச்சிகூடக் குண்டு போடவில்லை.

மறுநாள் வேண்டுமென்றே செய்து பார்த்தாள். அதே இரண்டு பூச்சிகளை விட்டுவைத்து, சுடாமல் விலகிக்கொண்டே இருந்தால் அந்த ஆட்டம் முடியும்வரை அவை ஓய்ந்துபோகின்றன. மிஷினைச் செய்தவன் விட்ட பிழையாக இருக்கலாம். அவளுக்கு அது பெட்டிக்குள் வைத்த நகை மாதிரி இருந்தது.

எவரும் எட்டமுடியாத புள்ளி எடுத்தாள். எழுத்துக் கேட்டது மிஷின். தன் பெயரைப் பதிய பயம். பிறந்த ஊர் பெருநகருக்காக பி, இ, ஆர் என்று பதிந்தாள்.

மிஷினை அணைத்துவிட்டுக் கடையைத் திறந்தால் பதிந்தது அழிந்துபோகும். அணைக்கத்தான் நினைத்தாள். ஆனால் முதல் இடத்தில் அது நிற்பதைப் பார்க்கப் பார்க்க மனசு வரவில்லை. சாயங்காலம் வந்த பையன்கள் திரையைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் பதிவதும், சாயங்காலம் அவர்கள் திகைப்பதைக் கல்லாவிலிருந்து பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது.

அதுவரை முதல் இடம் முத்துகிருஷ்ணனுடையது. ரைஸ்மில்லும் நிலமும் உள்ள வீட்டுப் பிள்ளை. அவன் தோற்பதை அந்தக் கடையில் யாரும் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் பார்த்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. அந்த மில்லிலேயே மூட்டை தூக்குகிறவன் பெருமாள். திருப்புலிவனம் காலனியில் வீடு. வேலை விட்டதும் வந்து ஓரமாக நின்று, எல்லோரும் ஆடி முடித்த பிறகு ஒரே ஒரு ஆட்டம் ஆடுவான். நன்றாக ஆடுவான்.

பி, இ, ஆர் என்றால் பெருமாள் என்று ஊர் படித்துக்கொள்ளும் என்பது சுலோச்சனாவுக்குத் தோன்றவே இல்லை.

அன்றைக்குக் காஞ்சிபுரம் பஸ் வந்து போன கொஞ்ச நேரத்தில் முத்துகிருஷ்ணனும் அவன் கூட்டாளி சேட்டுவும் வந்தார்கள். அவர்களுக்கு நடுவில் பெருமாள். சட்டைக் காலர் முத்துகிருஷ்ணன் கையில் இருந்தது. சேட்டு சைக்கிள் கடையிலிருந்து ஒரு பழைய செயினை எடுத்துக் கையில் சுற்றியிருந்தான்.

"எப்படா கடைக்குள்ள பூந்த?" என்றான் முத்துகிருஷ்ணன்.

"நான் எதுவும் பண்ணல, சின்ன மொதலாளி. ஒரு ஆட்டந்தான் ஆடுவேன். அத்த நீங்களே பாத்துக்கினுதான இருப்பீங்க."

"அப்ப அது யாரு பேரு? தெனம் எங்க தலைமேல குந்திக்கினு கீதே, யாரு அது?"

"எனுக்குத் தெரியாது."

"மிஷினுக்குள்ள கைய வுட்டு இன்னாத்தையோ மாத்தி வச்சிக்கிறான்பா. கடைப் பூட்ட ஒடச்சிருப்பான்" என்றான் சேட்டு. சைக்கிள் கடைப்பக்கம் இருந்த ஆட்கள் எழுந்து வந்தார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

சுலோச்சனாவின் கைக்குப் பக்கத்தில்தான் மெயின் சுவிட்ச் இருந்தது. தட்டிவிட்டால் எழுத்து, புள்ளி எல்லாம் போய்விடும். கரண்ட் போச்சு என்று சொல்லிவிடலாம். ஆனால் காலரைப் பிடித்த கை விடாது. அது தெரிந்தும் அவள் பேசவில்லை.

முதல் அடி பெருமாளின் தோளில் விழுந்தது. அவன் சத்தம் போடவில்லை. "பூட்டு நல்லாத்தான் கீதுங்க, பாருங்க" என்றான், கடைக் கதவைக் காட்டி. இரண்டாவது அடி முழங்கையில் பட்டது.

"அவன வுடு தம்பி" என்றாள் சுலோச்சனா. "அது நான்."

முத்துகிருஷ்ணன் திரும்பிப் பார்த்தான். "இன்னாக்கா?"

"அந்த எழுத்து நான் போட்டது. பெருநகரு. எங்க ஊரு."

யாரோ சிரித்தார்கள். முத்துகிருஷ்ணன் சிரிக்கவில்லை. "இவனக் காப்பாத்தப் பாக்கிறியா? இவனுக்கும் உனுக்கும் இன்னா?"

கூட்டத்தில் சிரிப்பு நின்றுபோனது. அந்தக் கேள்வி எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். சுலோச்சனாவுக்குக் காது சூடேறியது. இனி வாயால் சொல்லி ஆவது ஒன்றுமில்லை. ஒரு டோக்கனை எடுத்து மிஷினில் போட்டாள்.

"ஆடிக் காட்டறேன். அதுக்கப்புறம் கேளு."

"ஆடு. பொய்யாப் போனா இவன் நேரா மில்லுக்கு வரணும். எங்கப்பா கேக்கட்டும்." காலரை விடாமலே பெருமாளை மிஷினுக்குப் பக்கத்தில் இழுத்து நிறுத்தினான்.

சாயங்காலத்தில் வோல்டேஜ் இறங்கும். திரை சுருங்கிச் சுருங்கி விரிந்தது. மத்தியானத்தில் தனியாக நின்று ஆடிய கை இது இல்லை. குச்சியைப் பிடித்த விரல்கள் வியர்வையில் வழுக்கின. முதல் வரிசையை அழிப்பதற்குள்ளேயே ஒரு ராக்கெட் போய்விட்டது.

"தோ, ஒண்ணு பூட்ச்சி" என்றான் சேட்டு.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். மேலே இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சுட்டு, இடது ஓரத்து இரண்டை மட்டும் விட்டுவைத்தாள். பிறகு பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"சுடு" என்றார் பின்னாலிருந்து ஒருவர். "ரெண்டுதான கீது, சுடும்மா."

அவள் சுடவில்லை. பூச்சிகள் வளைந்து வந்து குண்டு போட்டன. விலகினாள். மறுபடியும் வந்தன. ஒரு குண்டு ராக்கெட்டின் ஓரத்தைத் தட்டியது, வெடித்தது. இப்போது கடைசி ராக்கெட்.

"இவளுக்கு ஒரு எழவும் தெரியல" என்றான் சேட்டு. முத்துகிருஷ்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பெருமாள் மூச்சு விடுவது அவள் காதருகே கேட்டது. முழங்கையிலிருந்து ரத்தம் வடிந்து மிஷினின் பக்கவாட்டு மரத்தில் பட்டிருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். பார்த்த நேரத்தில் ஒரு குண்டு மயிரிழையில் தாண்டிப் போனது. அதற்குப் பிறகு திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வந்தவாசி பஸ் வந்து நின்று கிளம்பியது. அதில் ஏறவேண்டியவர்கள் சிலர் ஏறவில்லை. விளக்கு ஒருதரம் மங்கி, திரை தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியது. கரண்ட் போனால் எல்லாம் முடிந்தது. திரை மெல்ல விரிந்தது. ராக்கெட் இன்னும் இருந்தது.

பூச்சி இறங்கி வந்தது. குண்டு போடவில்லை. அடுத்ததும் போடவில்லை. இன்னொரு சுற்று பொறுத்துப் பார்த்தாள்.

"இனிமே இதுங்க குண்டு போடாது" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

இரண்டையும் சுட்டாள். அடுத்த கூட்டம் முழுசாக இறங்கியது. ஒரு குண்டுகூட இல்லை. அதற்கடுத்த கூட்டமும் அப்படியே. அவள் நகர்ந்து குச்சியை முத்துகிருஷ்ணன் பக்கம் காட்டினாள். "நீயே புட்ச்சி பாரு தம்பி."

குச்சியைப் பிடிக்க அவன் காலரை விடவேண்டியிருந்தது. விட்டான். கொஞ்ச நேரம் ஆடினான். பாதியில் நிறுத்தி, "பொம்பளைக்கு இன்னாத்துக்கு இந்த வேல" என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியே போனான். சேட்டு செயினை சைக்கிள் கடை வாசலில் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினான். பெருமாள் கீழே விழுந்து கிடந்த தன் துண்டை எடுத்து முழங்கையில் சுற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்தான்.

ஞாயிற்றுக்கிழமை வேதாசலம் வருவதற்கு முன்னாலேயே செய்தி அவனை அடைந்துவிட்டது. அவன் கத்தவில்லை. அவள் போட்ட டீயை ஆறவிட்டபடி, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றான். பிறகு மிஷினைத் திறந்து, அந்தப் பிழை எந்த இடத்தில் இருக்கும் என்று சாயங்காலம்வரை தேடினான். கண்டுபிடிக்க முடியவில்லை.

தந்திரம் எல்லோருக்கும் தெரிந்துபோனது. சில நாள் கடையில் நெரிசல் தாங்கவில்லை. பிறகு ஆள் குறைந்தது. குண்டு போடாத பூச்சியை எத்தனை நேரம்தான் சுடுவது? பையன்களுக்குக் கொட்டாவி வந்தது.

பெருமாள் அந்தப் பக்கமே வரவில்லை. மில்லில் அவனை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் ரெண்டு ஆள் தூக்குகிற மூட்டையை அவன் ஒருவனாகவே தூக்கும்படி ஆகிவிட்டது. பொங்கல் கழிந்ததும் வாலாஜாபாத் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தான். கிளம்புகிற அன்று துணிப்பையோடு பஸ்ஸுக்கு நின்றவன், சாலையைக் கடந்து கடைக்கு வந்தான்.

"ஒண்ணு கேக்கணும்மா" என்றான். "மொத அடி வுழறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல?"

சுலோச்சனா மேஜையில் கிடந்த டோக்கனைத் திருப்பித் திருப்பி வைத்தாள். "சொல்லியிருக்கலாம்" என்றாள். "பயந்துட்டேன் பெருமாளு."

அவன் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "எனுக்கும் பயந்தான்" என்றான். பஸ் ஹாரன் அடித்தது. தலையை ஆட்டிவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.

கோடையில் வேதாசலம் வேறொரு மிஷின் கொண்டுவந்தான். கார் ஓட்டுகிற ஆட்டம், ஸ்டீரிங்கும் சீட்டும் வைத்தது. மத்தியானம் கதவுப் பலகையைச் சாத்துவதை சுலோச்சனா விட்டுவிட்டாள். சாயங்காலத்தில், எல்லோரும் இருக்கும்போது, வரிசையில் நின்று தன் முறை வரும்போது ஆடினாள். முதல் வாரம் முழுக்க முதல் வளைவிலேயே கார் கவிழ்ந்தது. பின்னாலிருந்து சிரித்தார்கள். அவள் இறங்கி அடுத்தவனுக்கு இடம் விட்டுவிட்டு, மறுபடியும் கடைசியில் போய் நின்றுகொண்டாள்.