மருந்தடிக்காமல் விட்ட மூலை

யாருக்கோ வயிற்றுக் கட்டி பஞ்சாய்க் கரைந்துபோனதாம். சொடக்குத் தக்காளிப் பழத்தைத் தின்றே கரைந்ததாம். தன் மைத்துனி சொன்னாள் என்று தொழிற்சாலையின் லேத் பட்டறைக்காரர் சொல்ல, அதை அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார் அத்தான்.

அந்தச் செடியை அவருக்கு யாரும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. தொழிற்சாலை வளாகத்தில் களைக்கொல்லி அடிப்பதுதான் அவர் வேலை. முதுகில் டேங்க், கையில் குழாய்; சுவரோரம் முளைத்த எதையும் விட்டுவைத்ததில்லை. கூட வேலை பார்ப்பவர்களுக்கு அவர் ‘எமன்’.

அக்காவின் வயிற்றில் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்த பிறகு, கிடங்குக்குப் பின்னால் அந்தச் செடி முளைத்திருந்த ஒரு மூலைக்கு மட்டும் மருந்தடிப்பதை நிறுத்தினார். மேற்பார்வையாளர் கண்ணில் படாமலிருக்க உடைந்த மரப்பெட்டிகளை முன்னால் அடுக்கினார். பழத்தை மூடிய உறை பச்சையாக இருந்தால் தொடமாட்டார், காய் உடம்புக்கு ஆகாது. உறை காகிதம்போல் காய்ந்து, தானாக உதிர்ந்ததை மட்டும் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

வெளியூரிலிருந்து வீடியோ அழைப்பில் பார்த்தேன். சின்ன வயதில் நானும் அக்காவும் நெற்றியில் அடித்து ‘டப்’பென்று உடைத்த அதே உறையை மெதுவாக உரித்து, பழத்தை அக்காவின் டம்ளர் பக்கத்தில் வைத்தார்.

“இந்தக் குட்டித் தக்காளி புளிக்குதுங்க. உங்க மூஞ்சி மாதிரியே.”

“மருந்துன்னா அப்படித்தான். முழுங்கு.”

“இருக்குற செடியையெல்லாம் கொன்னுட்டு, இப்ப ஒண்ணுகிட்ட போய்க் கெஞ்சுறாரு பாருடா தம்பி!”

அறுவை சிகிச்சைக்குக் கொடுத்த தேதி அதற்குள் தாண்டியிருந்தது. இன்னும் தள்ளினால் ஒன்றும் செய்வதற்கில்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அத்தான் வேலைக்குப் போன நேரம் பார்த்து போனில் அக்காவிடம் சத்தம் போட்டேன்.

“பழத்துல ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியாதாடா? அவரு அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறாரு. பிடுங்கிட்டா விழுந்துடுவாரு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு அவரே சொல்லட்டும்.”

உடனே வேலையிடத்திலிருந்த அத்தானைப் போனில் பிடித்தேன்.

“மாப்ள, மொதல்ல நானும் நம்பத்தான் செஞ்சேன். இப்ப இல்ல. உங்க அக்காவுக்குக் கத்தின்னா உசிரே போயிடும். இதைத் தின்னா கொஞ்சம் தெம்பா இருக்கா. ஆஸ்பத்திரின்னு அவளே வாயத் திறக்கட்டும்.”

“அத்தான், அவ உங்களுக்காகத் தின்னுறா!”

டேங்கை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

அந்த வாரமே கூட்டிப்போனார். வயிற்றைத் திறந்து பார்த்தவர்கள், எதையும் எடுக்காமலே தைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

என் எண்ணை எங்கே வாங்கினாரோ, இன்று லேத் பட்டறைக்காரர் கூப்பிட்டார். “காலைல வந்தாருங்க. பெட்டியெல்லாம் தள்ளிட்டு, அந்த மூலைக்கு நல்லா மருந்தடிச்சாரு. யார்கிட்டயும் பேசாம போயிட்டாரு. வீட்ல என்னன்னு கொஞ்சம் கேளுங்க.”

அத்தான் எடுக்கவில்லை. அக்காவின் எண்ணுக்குப் போட்டிருக்கிறேன். “என்னடா?” என்று ஒரு சொல் போதும். மணி அடித்துக்கொண்டிருக்கிறது.